அழித்தும் குறையாத கோப்பு

அலுவலகங்களில் அவ்வப்போது ஒரு சுற்றறிக்கை வரும்: மெயில் சர்வரில் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது, வேண்டாத மின்னஞ்சல்களை வெள்ளிக்கிழமைக்குள் அழித்துவிடுங்கள். சிலர் உண்மையாகவே உட்கார்ந்து அழிப்பார்கள். முடிந்துபோன கூட்டங்களின் அழைப்புகள், பழைய வாராந்திர அறிக்கைகள், பத்துப் பேருக்குப் போய்ப் பத்துப் பேரிடமிருந்தும் பதிலோடு திரும்பிவந்த கணக்குத் தாள்கள் எல்லாம் போகும். திங்கட்கிழமை காலை சர்வர் நிர்வாகி தரவுத்தளக் கோப்பின் அளவைப் பார்ப்பார். போன வாரம் 100 ஜிபி. இன்றும் 100 ஜிபி. போதாக்குறைக்கு, பக்கத்து வட்டில் இருக்கும் வேறு சில கோப்புகள் பெருத்துப்போயிருக்கும்.

இதில் எங்கும் கோளாறு இல்லை. மின்னஞ்சலை அழிப்பது ஒரு வேலை. அது குடியிருந்த கோப்பைச் சிறிதாக்குவது முற்றிலும் வேறொரு வேலை. முதலாவது தினமும் நடக்கிறது. இரண்டாவதைச் செய்ய ஒரே ஒரு வழிதான் உண்டு: இருப்பதை எல்லாம் இன்னொரு கோப்பில் எடுத்து எழுதிவிட்டு, பழையதைக் கைவிடுவது. அது ஏன் அப்படி, எப்போது அந்தப் பாட்டைப் படலாம் என்பதை மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரை வைத்துப் பார்ப்போம். 1996இல் 4.0 என்ற எண்ணோடு வெளிவந்து, இன்றும் பல நிறுவனங்களின் அஞ்சலைச் சுமக்கும் மென்பொருள் அது.

பக்கங்களால் ஆன கோப்பு

மின்னஞ்சலைச் சேமிக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. யூனிக்ஸ் உலகின் பழைய வழி எம்பாக்ஸ். ஒருவருக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே உரைக்கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். நடுவில் உள்ள ஒன்றை நீக்க வேண்டுமானால், அதற்குப் பின்னால் இருப்பதை எல்லாம் மறுபடி எழுத வேண்டும். கியூமெயில் என்ற அஞ்சல் மென்பொருளை 1990களில் உருவாக்கிய டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன் இதற்கு நேரெதிரான மெயில்டிர் முறையைக் கொண்டுவந்தார்: ஒரு கடிதம், ஒரு கோப்பு. அழித்த கணமே வட்டில் இடம் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் 2 லட்சம் கடிதம் வைத்திருப்பவருக்கு 2 லட்சம் கோப்புகள். அத்தனையையும் தேடுவதும் பேக்கப் எடுப்பதும் பெரும்பாடு.

மூன்றாவது வழி தரவுத்தளம். எக்ஸ்சேஞ்ச் இந்த வழியைத் தேர்ந்துகொண்டது. நூற்றுக்கணக்கான ஊழியர்களின் அஞ்சல்பெட்டிகள், நாட்காட்டிகள், முகவரிகள் எல்லாம் ஈடிபி என்ற பின்னொட்டு கொண்ட ஒரே கோப்புக்குள் அடங்கும். அதை ஆளும் எஞ்சினுக்கு ஈஎஸ்இ என்று பெயர். நிறுவனங்களின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியும் விண்டோஸ் 10இன் தேடல் வசதியும்கூட இதே எஞ்சினை நம்பித்தான் ஓடின. 2021இல் மைக்ரோசாஃப்ட் இதன் மூலநிரலைக் கிட்ஹப்பில் எல்லோரும் படிக்கத் திறந்துவைத்தது.

ஈடிபி கோப்பு சம அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எக்ஸ்சேஞ்ச் 2003இல் ஒரு பக்கம் 4 கேபி. 2007இல் 8 கேபி. 2010 முதல் 32 கேபி. அந்தக் கணக்கில் 100 ஜிபி கோப்பு என்றால் 32,76,800 பக்கங்கள். இத்தனைக்குள் ஒரு கடிதத்தை நொடிப்பொழுதில் எடுத்துத் தருவது பி-மரம் என்ற அமைப்பு. ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970இல் போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தபோது வகுத்தது இது. மரத்தின் மேல்பக்கம் ஒவ்வொன்றும் கீழே உள்ள பல பக்கங்களுக்கு வழிகாட்டும். ஒரு பக்கம் 200 பக்கங்களுக்கு வழிகாட்டினால், மூன்றே அடியில் 80 லட்சம் பக்கங்களில் எதையும் எட்டிவிடலாம்.

வழிகாட்டுவது எதை வைத்து? பக்க எண்ணை வைத்து. எண்ணைப் பக்க அளவால் பெருக்கினால், கோப்புக்குள் அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இந்த எளிமைதான் வேகத்துக்குக் காரணம். கோப்பு சுருங்க மறுப்பதற்கும் அதுவே காரணம்.

போகாமல் போகும் கடிதம்

நீங்கள் அவுட்லுக்கில் ஒரு கடிதத்தை அழிக்கிறீர்கள். அது 'டெலீட்டட் ஐட்டம்ஸ்' என்ற கோப்புறைக்கு இடம் மாறுகிறது. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை கடிதம் பத்திரமாக இருக்கிறது. வேறு அறைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பலர் அந்தக் கோப்புறையை ஆண்டுக்கணக்கில் காலி செய்வதே இல்லை.

காலி செய்தாலும் கடிதம் போய்விடாது. எக்ஸ்சேஞ்ச் 2010 முதல் பயனர் கண்ணில் படாத இன்னொரு கோப்புறை இருக்கிறது. அதற்கு 'ரெக்கவரபிள் ஐட்டம்ஸ்' என்று பெயர். தவறுதலாக அழித்துவிட்டேன் என்று அலறிக்கொண்டு வருபவருக்காக, வழக்கமான அமைப்பில் 14 நாள் கடிதம் அங்கே காத்திருக்கும். முழு அஞ்சல்பெட்டியையே நீக்கினால் காத்திருப்பு 30 நாள். வழக்கு, விசாரணை போன்ற காரணங்களுக்காக ஒருவருடைய பெட்டி சட்டப்படி நிறுத்திவைக்கப்பட்டிருந்தால் கெடு என்பதே கிடையாது. அவர் எவ்வளவு அழித்தாலும் அவ்வளவும் உள்ளேயே இருக்கும். திங்கட்கிழமை காலை அளவு குறையாததற்கு முதல் காரணம் இதுவே: அழித்தவை இன்னும் அழியவே இல்லை.

கெடு முடிந்த பிறகு பின்னணிப் பராமரிப்பு வேலை வந்து அந்தப் பதிவுகளை நீக்குகிறது. ஒரு பக்கத்தில் இருந்த பதிவுகள் முழுவதும் போய்விட்டால், அந்தப் பக்கம் காலி என்று குறித்துக்கொள்ளப்படும். இத்தகைய காலிப் பக்கங்களின் மொத்தத்தை நிர்வாகிகள் 'ஒயிட் ஸ்பேஸ்' என்பார்கள். நாம் வெற்றிடம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் கடிதங்களுக்கு எஞ்சின் முதலில் இந்த வெற்றிடத்தையே கொடுக்கும். அது தீர்ந்த பிறகுதான் கோப்பு வளரும்.

பாதி காலியான பக்கங்கள் வேறு கதை. ஒருவர் அங்கொன்றும் இங்கொன்றுமாக அழிக்கும்போது, ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் இடம் விடுபடும். முழுப் பக்கம் காலியாகாது. ஒரு அஞ்சல்பெட்டியின் அட்டவணைக்கென்று ஒதுக்கிய பக்கங்கள் காலியானாலும், அவை சில நேரம் அந்த அட்டவணையின் கணக்கிலேயே தங்கிவிடும். அதனால் நிர்வாகி பார்க்கும் வெற்றிட எண் எப்போதும் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே சொல்லும்.

நடுவில் ஏன் வெட்ட முடியாது

இயங்குதளம் ஒரு கோப்பைக் குறுக்க வேண்டுமானால், வழக்கமாக அதன் வால் பக்கத்தை நறுக்கும். நமது வெற்றிடமோ வாலில் சேர்ந்திருப்பதில்லை. 32 லட்சம் பக்கங்களுக்கு நடுவே சிதறிக்கிடக்கிறது. 7,000ஆவது பக்கம் காலி, 7,001 நிறைந்திருக்கிறது, கடைசிப் பக்கத்தில் நேற்று வந்த கடிதம். வாலில் இருப்பதைத் தூக்கி நடுவில் வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால் அதன் பக்க எண் மாறிவிடும். அதைச் சுட்டிக்கொண்டிருந்த மேல்பக்கத்தைத் திருத்த வேண்டும், இடமும் வலமும் உள்ள பக்கங்களைத் திருத்த வேண்டும். நூற்றுக்கணக்கான பேர் கடிதம் படித்துக்கொண்டும் அனுப்பிக்கொண்டும் இருக்கும்போது, நடுவில் மின்சாரம் போனாலும் எதுவும் சிதையாத விதத்தில் இதைச் செய்ய வேண்டும். இத்தனை உழைப்பில் கிடைக்கும் இடமோ அடுத்த மாதமே மறுபடி தேவைப்படும். அதனால் எக்ஸ்சேஞ்சின் அன்றாட ஓட்டத்தில் தரவுத்தளக் கோப்பு வளருமே தவிர, தானாகச் சுருங்காது.

16 ஜிபி காலத்துப் பழக்கம்

அப்படியானால் தரவுத்தளத்தைச் சுருக்கியே ஆகவேண்டும் என்ற எண்ணம் நிர்வாகிகள் மத்தியில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது எப்படி? எக்ஸ்சேஞ்சின் ஸ்டாண்டர்டு பதிப்பில் வெகுகாலம் ஓர் உச்சவரம்பு இருந்தது: அஞ்சல்பெட்டித் தரவுத்தளம் 16 ஜிபியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சர்வர் அந்தத் தரவுத்தளத்தைக் கழற்றிவிடும், ஒருவருக்கும் அஞ்சல் வராது. அந்த வரம்பு கோப்பின் வெளி அளவைத்தான் பார்த்தது. உள்ளே 5 ஜிபி வெற்றிடம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆகவே நிர்வாகிகள் சனிக்கிழமை இரவு சர்வரை நிறுத்தி, கோப்பைச் சுருக்கி, மறுபடி ஏற்றினார்கள். அன்றைக்கு அது தவிர்க்க முடியாத வேலை.

2005இல் எக்ஸ்சேஞ்ச் 2003க்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக், வரம்பை 75 ஜிபி வரை உயர்த்திக்கொள்ள வழி செய்தது. அதைவிட முக்கியமான மாற்றம் இன்னொன்று: அதற்குப் பிறகு வரம்பு பார்க்கப்பட்டது வெற்றிடத்தைக் கழித்த அளவில். சுருக்க வேண்டிய கட்டாயம் அன்றோடு பெருமளவு தீர்ந்தது. பழக்கம் மட்டும் தீரவில்லை. மாதம் ஒருமுறை சுருக்கினால் சர்வருக்கு நல்லது என்ற நம்பிக்கை, காரணம் மறைந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் கைமாறிக்கொண்டிருந்தது.

எடுத்து எழுதும் வேலை

சுருக்கும் பழைய கருவிக்கு ஈஎஸ்இயுடில் என்று பெயர். அது செய்வது, செல்லரித்த ஓலைச்சுவடியைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதும் வேலை. இருக்கும் கோப்பை அது தொடுவதில்லை. ஒரு புதிய கோப்பைத் திறந்து, பழையதில் உள்ள ஒவ்வோர் அட்டவணையையும் பதிவு பதிவாகப் படித்து, இடைவெளியின்றி வரிசையாக எழுதுகிறது. முடிந்ததும் புதியது பழையதின் இடத்துக்கு வருகிறது.

இதற்கு மூன்று விலைகள் உண்டு. முதலாவது, இடம். புதிய கோப்பின் எதிர்பார்க்கப்படும் அளவில் 110 விழுக்காடு காலியாக இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. 100 ஜிபியில் 40 ஜிபி வெற்றிடம் என்றால் 66 ஜிபி தனியாக வேண்டும். வட்டு நிரம்பிவிட்டதே என்று சுருக்க வந்தவரிடம் அதே வட்டில் அந்த இடம் எங்கே இருக்கும்? இரண்டாவது, நேரம். வேலை முடியும்வரை தரவுத்தளம் கழற்றப்பட்டிருக்கும். பெரிய கோப்பென்றால் மணிக்கணக்கில் யாராலும் அஞ்சல் பார்க்க முடியாது. மூன்றாவது விலையைப் பலர் கவனிப்பதில்லை. புதிய கோப்பு புதிய அடையாளத்தோடு பிறக்கிறது. மாற்றங்களை எழுதிவைக்கும் லாக் கோப்புகளை (இவற்றைப் பின்னால் பார்ப்போம்), அதுவரை சேர்ந்தவற்றை, அதன்மேல் பிரயோகிக்க முடியாது. ஆகவே உடனே ஒரு முழு பேக்கப் எடுத்தாக வேண்டும். அதே தரவுத்தளத்தின் பிரதிகள் வேறு சர்வர்களில் இருந்தால், அவற்றையும் அடியிலிருந்து புதிதாக நகலெடுக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் 2010 இதைவிட நாகரிகமான வழியைத் தந்தது. புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அஞ்சல்பெட்டிகளை ஒவ்வொன்றாக அங்கே குடிமாற்றுவது. ஊழியர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் நகல் ஓடும். கடைசியில் சிறிது நேரம் மட்டும் பெட்டி பூட்டப்படும். இதுவும் எடுத்து எழுதுவதுதான். ஒரே மூச்சில் எழுதாமல் பெட்டி பெட்டியாக எழுதுகிறோம்.

இதிலும் அவசரக்காரருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. குடிமாறிய பெட்டியின் பழைய பிரதி, 2010இன் முதல் சர்வீஸ் பேக்குக்குப் பிறகு, கெடு முடியும்வரை பழைய தரவுத்தளத்திலேயே கிடக்கும். பத்துப் பெட்டிகளை நகர்த்திவிட்டுப் பழைய கோப்பில் வெற்றிடத்தைத் தேடினால் கிடைக்காது. எல்லாவற்றையும் நகர்த்தினால் மட்டுமே பலன்: பழைய தரவுத்தளத்தையே நீக்கிவிடலாம். அதற்கு முன் மென்பொருள் தன் உள்வேலைக்காக வைத்திருக்கும் நடுவர் பெட்டிகளையும் காப்பகப் பெட்டிகளையும் நகர்த்தியிருக்க வேண்டும். நீக்கும் கட்டளையைக் கொடுத்த பிறகும் ஈடிபி கோப்பு வட்டிலேயே இருக்கும். எக்ஸ்சேஞ்ச் அதைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிடும், கோப்பை மட்டும் தொடாது. அதை நிர்வாகி கையால்தான் அழிக்க வேண்டும்.

பெருத்துப்போகும் மற்றக் கோப்புகள்

வட்டு நிரம்பும்போது உண்மையான குற்றவாளி பெரும்பாலும் தரவுத்தளமே அல்ல. எஞ்சின் எந்த மாற்றத்தையும் நேரடியாக ஈடிபி கோப்பில் எழுதிவிடுவதில்லை. இன்ன பக்கத்தில் இன்னதை மாற்றப்போகிறேன் என்பதை முதலில் லாக் என்னும் பதிவுக் கோப்பில் வரிசையாக எழுதிவைக்கும். மின்சாரம் போய் சர்வர் எழுந்தால், அந்தப் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தரவுத்தளத்தைச் சீராக்கும். எக்ஸ்சேஞ்ச் 2003 வரை ஒரு லாக் கோப்பு 5 எம்பி. 2007 முதல் 1 எம்பி.

அழிப்பதும் ஒரு மாற்றம்தான். நூறு பேர் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் அழித்தால், அத்தனையும் லாகில் ஏறும். பெட்டியைக் குடிமாற்றுவதும் அப்படியே: 5 ஜிபி பெட்டி ஒன்று போய்ச் சேரும் இடத்தில் ஏறத்தாழ 5,000 லாக் கோப்புகளை உண்டாக்கும். இடம் மிச்சப்படுத்தப் புறப்பட்டவர், லாக் வட்டை நிரப்பி, புதிய தரவுத்தளத்தையும் நிறுத்திவிட்டு விழிப்பது இப்படித்தான்.

முழு பேக்கப் வெற்றிகரமாக முடிந்தால், தேவையில்லாத லாக் கோப்புகளை எக்ஸ்சேஞ்ச் தானே நீக்கிவிடும். எனவே லாக் நாள்கணக்கில் குவிந்துகொண்டே போனால், பெரும்பாலும் பேக்கப் ஓடவில்லை என்று அர்த்தம். ஒரு வாரமாக யாரும் கவனிக்காமல் தோற்றுக்கொண்டிருந்த பேக்கப்பை, 'தரவுத்தளம் பெருத்துவிட்டது' என்ற தலைப்பில் கண்டுபிடிப்பது வழக்கம். அப்போது சுழற்சி லாகிங் என்ற அமைப்பை இயக்கிவிடத் தோன்றும். தரவுத்தளத்தில் ஏறிவிட்ட மாற்றங்களின் லாகை எஞ்சின் உடனுக்குடன் அழித்துவிடும். வட்டு மூச்சுவிடும். ஆனால் கோப்பு கெட்டுப்போனால் கடைசி முழு பேக்கப் வரைதான் மீட்க முடியும். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் போனதுதான். பல சர்வர்களில் பிரதிகள் இருக்கும் அமைப்பில் இந்த ஆபத்து குறைவு. ஒற்றைச் சர்வரில் இது சூதாட்டம்.

வேண்டுமென்றே பெருக்கிய கதை

அளவைக் குறைப்பதே குறிக்கோள் என்று நினைப்பவர்களை வியக்கவைக்கும் ஒரு முடிவை எக்ஸ்சேஞ்சை உருவாக்கியவர்களே எடுத்தார்கள். 4.0 தொடங்கி, ஒரே தரவுத்தளத்தில் உள்ள பலருக்கு ஒரே கடிதம் போனால் அதன் ஒரு பிரதி மட்டுமே வைக்கப்பட்டது. 20 எம்பி இணைப்பு 50 பேருக்குப் போனால் 1,000 எம்பிக்குப் பதில் 20 எம்பி. 2007இல் இந்தச் சிக்கனம் இணைப்புகளோடு நின்றது. 2010இல் முழுவதும் கைவிடப்பட்டது.

காரணம் வட்டின் இயற்பியல். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. வேண்டிய இடம் படிக்கும் முனையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். முனை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லிநொடி. ஆக நொடிக்கு 80 தடவைக்கு மேல் அங்குமிங்கும் ஓடி எடுக்க முடியாது. வட்டின் கொள்ளளவு பல நூறு மடங்கு பெருகிய காலத்திலும் இந்த எண் அசையவில்லை. ஒரே பிரதியைப் பலர் பகிரும்போது, ஒருவருடைய கடிதங்கள் கோப்பெங்கும் சிதறிக்கிடக்கும். கொள்ளளவு மலிவாகி, ஓட்டம் அருமையாகிப்போன உலகில் அது தலைகீழான சிக்கனம்.

ஆகவே ஒவ்வொரு பெட்டியின் விவரங்களும் அடுத்தடுத்து இருக்கும்படி அட்டவணைகள் மாற்றப்பட்டன. பக்கம் 32 கேபியாக வளர்ந்தது. பின்னணிப் பராமரிப்பும் இடத்தை மிச்சப்படுத்துவதைவிட வரிசை கலையாமல் பார்ப்பதில் அக்கறை காட்டியது. கடிதத்தின் உரையை அமுக்கிவைத்துப் பெருக்கத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டினார்கள். கோப்பு பெரிதானது, சர்வர் வேகமானது.

எப்போது சுருக்கலாம்?

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. 40 ஜிபி வெற்றிடம் இருக்கிறது, அஞ்சல் வாரத்துக்கு 1 ஜிபி வளர்கிறது என்றால், இன்னும் 40 வாரம் கோப்பு வெளியே வளராது. ஒரு வார இறுதியைச் செலவிட்டு அந்த 40 ஜிபியை இயங்குதளத்திடம் கொடுத்தால், அடுத்த 40 வாரத்தில் அதைத் துளித்துளியாகத் திரும்ப வாங்கப்போகிறோம். அந்த வெற்றிடம் வீணல்ல, வரப்போகும் கடிதங்களுக்கான முன்பதிவு.

அது வீணாகும் சூழ்நிலைகளும் உண்டு. ஊழியர்களில் பாதிப்பேர் வேறு சர்வருக்கோ மேகச் சேவைக்கோ போய்விட்டால், வெற்றிடம் இனி நிரம்பவே நிரம்பாது. பழைய கடிதங்களைக் காப்பகத்துக்கு மாற்றி நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரேயடியாக விடுவித்தாலும் அப்படியே. அப்போது பெட்டிகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றி, பழையதை நீக்குவது நியாயமான வேலை. ஈஎஸ்இயுடிலைப் பழுது பார்க்கும் தருணங்களுக்கு விட்டுவிடலாம்.

அளவு உண்மையிலேயே வலிக்கும் இடம் மீட்பு. பேக்கப், தரவுத்தளக் கோப்பை முழுசாக, வெற்றிடத்தோடு சேர்த்தே நகலெடுக்கிறது. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 200 ஜிபியைத் திரும்ப ஏற்ற 34 நிமிடம் ஆகும். 2 டிபியை ஏற்றக் கிட்டத்தட்ட 6 மணி நேரம். பிரதிகள் இல்லாத தரவுத்தளத்துக்கு 200 ஜிபி, பிரதிகள் உள்ளதற்கு 2 டிபி என்று மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்ததன் பின்னால் இருப்பது இந்தக் கணக்கே. ஆகவே ஒரு தரவுத்தளம் பெரிதா சிறிதா என்பதை ஜிபியில் அளப்பதைவிட மணியில் அளப்பது மேல். வட்டு செத்துப்போன ஒரு நாளில் ஊழியர்கள் எவ்வளவு நேரம் அஞ்சல் இல்லாமல் இருக்கலாம் என்று நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பதில் ஒரு மணி நேரம் என்றால், அதற்குள் ஏற்றக்கூடிய அளவில் தரவுத்தளங்களைத் தொடக்கத்திலேயே பலவாகப் பிரித்துவைக்க வேண்டும். அப்படிப் பிரித்துவைத்த நிர்வாகிக்குச் சுருக்கும் கருவியைத் தேட வேண்டிய நாள் அபூர்வமாகத்தான் வரும்.